பாவும் ஊடையும்

"தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை" என்பது நம்மிடையே வழங்கும் பழைய வாக்கு. திண்டுக்கல்லிலிருந்து மதுரை செல்லும் வழியில் உள்ள சின்னாளப்பட்டியில், தறியின் முன் அமர்ந்து வாழ்நாளைக் கழித்த எவரைக் கேட்டாலும், இவ்வாக்கின் பின்பகுதி முழு உண்மையன்று என்று சொல்லிவிடுவார். சேலை ஒரே நூலால் ஆவதில்லை. நீளவாக்கில் பாவு நூல் ஓடுகிறது. அதன் குறுக்கே நாடாவிலிருந்து ஊடை நூல் ஓடுகிறது. பாவுக்கு ஒரு நிறமும் ஊடைக்கு வேறொரு நிறமும் இட்டு, பாவை மிக நெருக்கமாக அமைத்து நெய்தால், மேலே பாவின் நிறம் மட்டுமே தெரியும். ஊடை இல்லை என்று நினைக்கத் தோன்றும். ஆனால் துணியை இழை இழையாகப் பிரித்துப் பாருங்கள். ஊடையும் முழுதாக அங்கே இருக்கும்.

பழமொழியைக் குறை சொல்வது என் நோக்கமன்று. ஆயினும், ஒரு வீட்டில் அதுவே குற்றப்பத்திரிகையாக வாசிக்கப்பட்டதை நான் கேட்டிருக்கிறேன். பழமொழியில் தாயின் பெயர் இருக்கிறது. தந்தையின் பெயர் இல்லை. எனவே பிள்ளையிடம் ஏதேனும் குறை காணப்பட்டால் தண்டனை யாருக்கு என்பதும் முன்னரே தீர்மானிக்கப்பட்டுவிடுகிறது.

என் பெரியப்பாவின் மகளை 1989-ஆம் ஆண்டில் எங்கள் அத்தையின் மூத்த மகனுக்கு மணம் முடித்தார்கள். அத்தை என்பவர் பெரியப்பாவுக்கும் என் தந்தைக்கும் உடன்பிறந்த ஒரே சகோதரி. சிறுமலையின் அடிவாரத்தில் இரு வீட்டாருக்கும் பொதுவாக ஒரு கிணறு இருந்தது. வாரத்தில் இன்ன நாள் இன்னாருக்கு என்று இறைப்பு முறை வைத்திருந்தார்கள். சொந்தத்துக்குள் பெண் கொடுத்தால் கிணறும் பிரியாது, நிலமும் பிரியாது, பெண்ணும் அந்நியர் வீட்டில் வாழப் போகவேண்டியதில்லை. மழை பொய்க்கும் இந்தப் பூமியில் இப்படிக் கணக்கிட்டவர்களை அறிவிலிகள் என்று நான் சொல்லமாட்டேன். அவர்கள் கணக்கில் நியாயம் இருந்தது.

1991-இல் அக்காவுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. 1994-இல் ஓர் ஆண் குழந்தை. மறு ஆண்டு கோவில் திருவிழாவில் அதிர்வேட்டு வெடித்தபோது சுற்றியிருந்த பிள்ளைகள் எல்லாம் அலறினார்கள்; அக்காவின் மடியில் உறங்கிக்கொண்டிருந்த அவன் மட்டும் அசையவே இல்லை. அதைக் கண்ட அக்காவின் முகத்தை நான் பார்த்தேன். பிறகு மதுரையில் மருத்துவர்கள் பரிசோதித்து, இரு காதுகளும் பிறவியிலேயே கேளாதவை என்று உறுதி செய்தார்கள்.

அன்று முதல் அத்தை ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னார்: "எங்கள் வம்சத்தில் இப்படி ஒரு குறை கிடையாது. எல்லாம் இவள் வயிறு." எந்த வம்சத்தை அவர் பெருமையாகச் சொன்னாரோ, அதே வம்சத்தில், அவருடைய உடன்பிறந்த அண்ணனுக்குப் பிறந்தவர்தாம் அவரால் பழிக்கப்பட்டவரும். இது வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை. மருமகளாக வந்துவிட்டால் அண்ணன் மகளும் வேற்று வீட்டுப் பெண்ணாகிவிடுகிறாள் போலும். கிரகணத்தன்று வெளியே வந்தாளா என்று கேட்டவர்கள் உண்டு. முன்னோர் செய்த பாவமாக இருக்கலாம் என்று சொல்லிச் செபமாலை கொடுத்துவிட்டுப் போனவரும் உண்டு. யோவான் நற்செய்தியின் ஒன்பதாம் அதிகாரத்தில், பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் கண்டு சீடர்கள் ஆண்டவரிடம் கேட்ட கேள்வி இதுவேதான். அவர் அளித்த விடையும் அங்கேயே இருக்கிறது. நம் வீடுகளில் கேள்வி மட்டும் நிலைத்திருக்கிறது.

அக்கா எவருக்கும் பதில் சொன்னதில்லை. தன் கழுத்துச் சங்கிலியை விற்று, மகனை விடுதியுடன் கூடிய காது கேளாதோர் பள்ளியில் சேர்த்தார். சனிக்கிழமைதோறும் பேருந்தில் சென்று, அவன் கற்ற சைகைகளைத் தாமும் கற்றுக்கொண்டு வந்தார்.

நானோ மேல்நிலைப் பள்ளியில் தாவரவியல் கற்பித்தவன். ஆண்டுதோறும் கரும்பலகையில் மெண்டலின் கட்டங்களை வரைந்து, ஐந்து மதிப்பெண் வினாவுக்கு மாணவரை ஆயத்தம் செய்தேன். அந்தக் கட்டங்கள் எங்கள் வீட்டுக்கே வந்து நின்றபோதுதான் அவற்றின் கனம் தெரிந்தது.

கிரகோர் மெண்டல் 1822-இல் பிறந்தவர். இன்று செக் நாட்டில் இருக்கும் பர்னோ நகரில், அகுஸ்தீன் சபையாரின் புனித தோமா மடத்துத் துறவி. 1856 முதல் 1863 வரை எட்டு ஆண்டுகள் மடத்துத் தோட்டத்தில் பட்டாணிச் செடிகளை வளர்த்து, ஒன்றின் மகரந்தத்தை மற்றொன்றின் பூவில் தம் கையாலேயே இட்டு, விளைந்த விதைகளை எண்ணினார். பார்த்தவர் பலர், எண்ணியவர் இவர். உருண்டை விதைச் செடியையும் சுருங்கிய விதைச் செடியையும் கலந்தபோது முதல் தலைமுறையில் கிடைத்தவை அனைத்தும் உருண்டை. சுருக்கம் அழிந்துவிட்டதா? அந்த உருண்டை விதைகளை விதைத்து, தம்மில் தாமே கருவுறவிட்டார். அடுத்த தலைமுறையில் 5,474 விதைகள் உருண்டையாகவும் 1,850 விதைகள் சுருங்கியும் வந்தன. ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று. ஒரு தலைமுறை முழுதும் கண்ணில் படாதிருந்த பண்பு, மங்காமல், கலங்காமல் திரும்பி வந்தது.

அவர் அத்துடன் நிறுத்தவில்லை. வெளித்தோற்றத்தில் உருண்டையான விதைகள் எல்லாம் உள்ளேயும் ஒன்றா என்று கேட்டார். அவற்றிலிருந்து 565 செடிகளை வளர்த்தார். 193 செடிகள் உருண்டை விதைகளை மட்டுமே தந்தன; 372 செடிகள் உருண்டையோடு சுருங்கியவற்றையும் தந்தன. அதாவது, குறையின்றித் தோன்றும் மூன்றில் இரண்டு பங்கு, மறைந்த பண்பைத் தாங்கியிருந்தது. இந்த 'மூன்றில் இரண்டு' என்பதை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். பின்னர் எங்கள் வீட்டில் அதற்கு வேலை இருந்தது.

வெளியே தெரியும் பண்பை ஓங்கு பண்பு என்றும், மறைந்திருப்பதை ஒடுங்கு பண்பு என்றும் நம் பாடநூல்கள் சொல்கின்றன. பெயர் நல்ல பெயர்தான். ஆனால் ஓங்கியது உயர்ந்தது, ஒடுங்கியது தாழ்ந்தது என்று மாணவர் எண்ணிவிடுவார்கள். கையில் ஆறு விரல் இருப்பது பல குடும்பங்களில் ஓங்கு பண்பாகவே வருகிறது. அதனால் ஆறு விரலே மேலானது என்றோ, நம்மில் பலருக்கு ஆறு விரல் இருக்கிறது என்றோ பொருளாகாது. நாக்கைச் சுருட்டுவது, காதுமடல் ஒட்டியிருப்பது என்றெல்லாம் நாங்கள் வகுப்பில் சொன்ன எடுத்துக்காட்டுகளும் உண்மையில் அவ்வளவு எளியவை அல்ல. தோலின் நிறமும் உயரமும் பல மரபணுக்கள் கூடிச் செய்யும் வேலை.

பிறகு ஏன் ஒன்று ஓங்குகிறது, மற்றொன்று ஒடுங்குகிறது? இதற்கு 1990-இல் இங்கிலாந்தில் விடை கண்டார்கள், மெண்டல் கையாண்ட அதே சுருங்கிய பட்டாணியில். சுண்டலுக்கு வாங்கும் காய்ந்த பட்டாணி உருண்டையானது. உரித்ததும் வாயிலிட்டால் இனிக்கிற தோட்டப் பட்டாணி பெரும்பாலும் காய்ந்தால் சுருங்கும் இனம். சர்க்கரையைக் கிளைத்த மாவுப்பொருளாக மாற்றும் நொதி ஒன்று உண்டு. அதைச் செய்யக் கற்பிக்கும் மரபணுவில், சுருங்கிய இனத்தில் வேற்றுத் துண்டு ஒன்று இடையில் புகுந்து உட்கார்ந்திருக்கிறது. வாக்கியத்தின் நடுவே பொருந்தாச் சொற்கள் நுழைந்ததுபோல, கட்டளை குழம்பிவிட்டது. மாவு குறைகிறது, சர்க்கரை தங்குகிறது, அதனுடன் நீரும் தங்குகிறது. காயும்போது தோல் சுருங்குகிறது. ஒவ்வொரு விதையிலும் இக்கட்டளை இரு படிகளாக இருக்கிறது, தாய்வழி ஒன்று, தந்தைவழி ஒன்று. ஒன்று கெட்டிருந்தாலும் மற்றது நல்லதாயிருந்தால் விதை உருண்டையாக இருப்பதற்கு வேண்டிய அளவு நொதி கிடைத்துவிடுகிறது. இரண்டும் கெட்டிருந்தால் மட்டுமே சுருக்கம் தோன்றும்.

மனிதரின் காதிலும் இதுவே நிகழ்கிறது. கேட்கும் திறனுக்கு நூற்றுக்கும் மேற்பட்ட மரபணுக்கள் தேவை. அவற்றுள் ஒன்று கனெக்சின் 26 என்னும் புரதத்தைச் செய்வது. உட்செவியின் உயிரணுக்களிடையே சிறு வாயில்களை அமைப்பது இப்புரதம். இதன் குறையே பிறவிக் கேளாமைக்குக் காரணம் என்பது 1997-இல் தெரியவந்தது. 226 அமினோ அமிலங்கள் கோக்கப்பட வேண்டிய இடத்தில், இந்தியரிடம் அதிகம் காணப்படும் குறையினால், 24-ஆவது இடத்திலேயே வேலை நின்றுவிடுகிறது. ஒரே ஓர் எழுத்து மாறியதன் விளைவு இது. ஒரு நல்ல படி இருந்தால் காது நன்றாகவே கேட்கும். அப்படிப்பட்டவர் தம்மிடம் மற்றொரு கெட்ட படி இருப்பதை அறியாமலே பேரன் பேத்தி எடுத்துக் கண்மூடிவிடலாம். எங்கள் தாத்தாவோ பாட்டியோ அப்படித்தான் வாழ்ந்து முடித்திருக்கிறார்.

2013-இல் சென்னையில் செய்த இரத்தப் பரிசோதனையில் அக்காவின் மகனுக்கு இருப்பது இந்தக் கனெக்சின் குறையே என்று தெரிந்தது. தாயிடமிருந்து ஒரு படி, தந்தையிடமிருந்து ஒரு படி. இருவருக்கும் அந்தப் படி பொதுவான மூதாதையிடமிருந்து வந்திருக்கிறது. ஒன்று பெரியப்பா வழியாக அக்காவை அடைந்தது. மற்றொன்று அத்தை வழியாக அத்தானை அடைந்தது.

நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் இதனை வம்ச மரமாக வரைந்து அத்தையிடம் காட்டினேன். என் தந்தையையும் என்னையும் அதில் எழுதியிருந்தேன். நானும் நான்கில் ஒரு பங்கு அந்தப் படியைச் சுமப்பவனாக இருக்கலாம். அத்தை நெடுநேரம் தாளைப் பார்த்தார். பிறகு கேட்டார்: "அப்படியென்றால் எங்கள் அம்மாவிடமிருந்து வந்ததா தம்பி?" தாத்தாவிடமிருந்தும் வந்திருக்கலாம் என்றேன். அது அவர் செவியில் ஏறியதாகத் தெரியவில்லை. ஆயினும், 'இவள் வயிறு' என்ற சொல்லை அதன்பின் அவர் வாயிலிருந்து நான் கேட்கவில்லை.

இங்கே நம் உறவுமுறை பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். தமிழர் வழக்கில் அத்தை மகன், மாமன் மகள் முறை உள்ளவர்கள். சித்தப்பா மகளும் பெரியம்மா மகளும் தங்கையர், அக்காமார். அங்கே மணம் என்ற பேச்சையே காது பொறுக்காது. ஆனால் மரபணு இந்த முறையை அறியாது. அத்தை மகனும் சித்தப்பா மகளும் நம்முடன் பகிர்ந்துகொள்வது ஒரே அளவு, எட்டில் ஒரு பங்கு. தாய்மாமனும் அக்கா மகளும் பகிர்ந்துகொள்வது நான்கில் ஒரு பங்கு. முதலதில் நாம் கூசுகிறோம். இரண்டாவதற்குப் பந்தல் போடுகிறோம்.

இந்த வகையில் திருச்சபைச் சட்டத்தின் கணக்கு மரபணுவின் கணக்கை ஒட்டியே செல்கிறது. 1983-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 1091-ஆம் பிரிவு, பக்கவழி உறவில் நான்காம் நிலை முடிய மணம் செல்லாது என்கிறது. எண்ணும் முறை எளிது: பொது மூதாதை வரை ஏறி, மறுபக்கம் இறங்கி, படிகளை எண்ண வேண்டும். தாய்மாமனுக்கும் அக்கா மகளுக்கும் மூன்று. அத்தை பிள்ளைக்கும் மாமன் பிள்ளைக்கும் நான்கு. சித்தப்பா பிள்ளைக்கும் பெரியப்பா பிள்ளைக்கும் அதே நான்கு. சகோதர சகோதரியருக்குரிய இரண்டாம் நிலையில் ஒருபோதும் விதிவிலக்கு இல்லை. மற்றவற்றுக்கு ஆயரிடம் விண்ணப்பிக்கலாம். இத்தடை மருத்துவத்துக்காக எழுந்ததுமன்று. 1215-ஆம் ஆண்டின் நான்காம் இலாத்தரன் சங்கம் ஏழு நிலைகளை நான்காகக் குறைத்த காலத்தில் மரபணுவை யார் கண்டார்? அதற்கும் முன்னர், புனித அகுஸ்தீனார் தம் 'கடவுளின் நகரம்' நூலின் பதினைந்தாம் புத்தகத்தில் வேறொரு காரணம் காட்டுகிறார். ஒரே மனிதர் தந்தையும் மாமனாருமாக ஆவதைக் காட்டிலும், அந்த உறவுகள் பலரிடம் பரவினால் அன்பின் கட்டு விரியும் என்பது அவர் கருத்து. அவர் பெயரைத் தாங்கிய சபையிலிருந்தே மெண்டலும் வந்தார் என்பது எனக்கு வியப்பாக இருக்கிறது.

நம் பங்குகளில் விதிவிலக்கு விண்ணப்பம் புதுமையன்று. 2003-இல் திண்டுக்கல் தனி மறைமாவட்டமாகும் முன் திருச்சிக்குப் போனது. பிறகு இங்கேயே போகிறது. 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழகத்துப் பெண்களில் நூற்றுக்கு 28 பேர் உறவினரை மணந்தவர்கள். இந்தியா முழுமைக்கும் இது 11. முப்பது ஆண்டுகளுக்கு முன் நம்மிடம் ஏறத்தாழப் பாதியாக இருந்தது இவ்வாறு குறைந்திருக்கிறது. சொந்தத்தில் மணந்த எல்லோருக்கும் குறையுள்ள பிள்ளை பிறக்கும் என்று அச்சுறுத்துவது தவறு. எந்தத் தம்பதியருக்கும் நூற்றில் மூன்று அளவுக்குப் பிறவிக் குறை நேரலாம். அத்தை, மாமன் பிள்ளைகள் மணந்தால் அது இன்னும் இரண்டு அல்லது மூன்று கூடும். பெரும்பாலான பிள்ளைகள் நலமாகவே பிறக்கின்றனர். அதனாலேயே அடுத்த வீட்டில் பார்த்து யாரும் பாடம் கற்பதில்லை.

இரத்த உறவு இல்லை என்று மகிழ்ந்துவிடவும் முடியாது. நூற்றாண்டுகளாக ஒரே சாதிக்குள் கொண்டு கொடுத்தால், சொந்தமல்லாதவரும் தொலைவிலிருந்து சொந்தமாகிவிடுகிறார். ஆந்திரத்து வைசியரிடையே, அறுவை சிகிச்சையில் தசையைத் தளர்த்தக் கொடுக்கும் ஒரு மருந்தின் விளைவிலிருந்து மீளத் தாமதமாகும் ஒடுங்கு பண்பு மிகுதி. மருத்துவர்கள் இதை அறிந்து, சாதியைக் கேட்டு மருந்தை மாற்றுகிறார்கள். ஐதராபாதின் உயிரணு, மூலக்கூற்று உயிரியல் மைய அறிஞரும் பிறரும் 2017-இல் வெளியிட்ட ஆய்வு, இந்தியாவின் பல சாதிகளில் இதுபோன்ற நிலை மறைந்திருப்பதைக் காட்டியது. திருமுழுக்குப் பெற்றும் சாதி விட்டுச் சாதி பெண் எடுக்கத் தயங்கும் நமக்கு இதில் விலக்கு ஏதுமில்லை.

2014-இல் அக்காவின் மகளைத் தன் மகனுக்குக் கேட்டான் அக்காவின் தம்பி. மறுபடியும் மாமன் மகன். இரு வீட்டாரும் என்னை அழைத்துக் கருத்துக் கேட்டார்கள். காதுகள் நன்றாகக் கேட்கும் அந்தப் பெண், மெண்டலின் கணக்குப்படி மூன்றில் இரண்டு பங்கு மறைபடியைச் சுமப்பவள். மாமன் சுமப்பவனாக இருக்கப் பாதி வாய்ப்பு. அவன் மகனுக்கு நான்கில் ஒன்று. இருவரும் சுமப்பவர்களானால் ஒவ்வொரு குழந்தைக்கும் நான்கில் ஒன்று. பெருக்கினால் 24-இல் ஒன்று வரும். ஆனால் இந்தக் கணக்கோடு நிற்கத் தேவையில்லை, எந்தக் குறை என்று தெரிந்துவிட்டபடியால் இருவரும் இரத்தம் கொடுத்துப் பார்த்தால் திட்டமாகத் தெரியும், மாப்பிள்ளையிடம் அந்தப் படி இல்லையென்றால் அஞ்ச வேண்டியதில்லை என்றேன்.

பெண் உடனே சம்மதித்தாள். "பையன் இரத்தத்தில் என்ன குறை கண்டீர்கள்? பார்ப்பதானால் பெண்ணை மட்டும் பாருங்கள்" என்றார் மாப்பிள்ளையின் தாய். பேச்சு இரண்டு வாரம் நீண்டது. முடிவில் அந்தப் பெண்ணே எழுந்து, "நான் மட்டும் கொடுப்பதாக இருந்தால் எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம், மாமா" என்று என்னிடம் சொல்லிவிட்டு உள்ளே போனாள். மறு ஆண்டு ஒட்டன்சத்திரத்தில் உறவல்லாத ஒரு வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டாள். கிணற்றின் பங்கு குறித்து அக்காவுக்கும் தம்பிக்கும் வந்த மனத்தாங்கல் இன்னும் முழுதாகத் தீரவில்லை.

மகன் திண்டுக்கல்லில் ஓர் அச்சகத்தில் பணியாற்றுகிறான். மதுரையில் காது கேளாதோர் கூடும் இடத்தில் ஒரு பெண்ணைக் கண்டு, 2021-இல் மணந்தான். அவளும் பிறவியிலேயே கேளாதவள். ஞாயிறுதோறும் ஓலை வாசிக்கப்பட்டபோது ஊரில் முணுமுணுப்பு எழுந்தது: இரு கேளாதவர்களுக்குப் பிள்ளை எப்படிப் பிறக்கும்? இருவருக்கும் ஒரே மரபணுவில் குறையென்றால் பிள்ளைகள் அனைவரும் கேளாதவராகவே இருப்பர். வெவ்வேறு மரபணுவானால், இவனிடமிருந்து அதற்கொரு நல்ல படியும் அவளிடமிருந்து இதற்கொரு நல்ல படியும் கிடைத்து, எல்லாரும் கேட்பர். பரிசோதனையில் அவளுடையது வேறு மரபணு என்று தெரிந்தது. நான் இதை அவனுக்கு எழுதிக் காட்டியபோது, படித்துவிட்டு, கீழே ஒரு வரி எழுதினான்: "ஒரே மரபணுவாக இருந்தாலும் இவளைத்தான் கட்டியிருப்பேன், மாமா."

2023-இல் அவர்களுக்குப் பெண் குழந்தை பிறந்தது. காது நன்றாகக் கேட்கிறது. இரண்டு ஒடுங்கு படிகளைத் தனித்தனியே சுமந்துகொண்டிருக்கிறாள். அவற்றால் அவளுக்கு ஒரு தொல்லையும் இல்லை. வாய்ப்பேச்சு வருமுன் கைப்பேச்சு வந்துவிட்டது. பெற்றோரிடம் கையாலும் அக்காவிடம் வாயாலும் பேசுகிறாள். யாரிடம் எது என்று அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

அத்தைக்கு இப்போது 85 வயது, செவி மந்தமாகிவிட்டது. வாயால் சொன்னால் கொள்ளுப்பாட்டிக்கு எட்டுவதில்லை என்று குழந்தை கண்டுகொண்டிருக்கிறாள். மாலையில் திண்ணையில் அத்தையின் விரல்களைப் பிடித்து வளைத்து, தனக்கு வேண்டியதைக் காட்டுகிறாள். சொந்தப் பேரனிடம் முப்பது ஆண்டுகளாகக் கற்காத அத்தை, பால், தண்ணீர், பூனை என்ற மூன்று சைகைகளை இதுவரை கற்றிருக்கிறார்.